கைவேலைக் கேள்வி பதில்: அடிபட்டு எரிஞ்ச டாங்கி மொடல்

போன இதழில ஒரு வாசகர் செய்த 1/35 (உண்மையானதின்ர 35 இல ஒரு பங்கு அளவு) டாங்கி மொடலின்ர படம் போட்டிருந்தம், பச்சைப் பெயின்ற் மினுங்கப் புதுசா நிண்ட டாங்கி. அதுக்குப் பிறகு வந்த கடிதம் எல்லாத்திலயும் கிட்டத்தட்ட ஒரே விசயந்தான் கேட்டிருக்கு, புதுசு வேண்டாம், அடிபட்டு எரிஞ்சு கிடக்கிற டாங்கியைப் பார்க்கிற ஆக்கள் நம்பிற மாதிரி எப்பிடிச் செய்யிறது எண்டு. அதால இந்தமுறை மரவேலை, தையல், பட்டக் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு முழுப் பக்கத்தையும் இதுக்கே விடுறன்.

கேள்வி: அண்ணை, கனடாவில இருக்கிற மாமா டி-55 எண்ட சோவியத் டாங்கியின்ர கிற் (ஒட்டிச் செய்யிற பிளாஸ்ரிக் பாகங்கள்) ஒண்டு அனுப்பினவர், 1/35. எனக்கு அதை எரிஞ்ச டாங்கியாச் செய்யத்தான் விருப்பம். பெடியள் சொல்லுறாங்கள் லைற்றரால பிளாஸ்ரிக்கைக் கொஞ்சம் உருக்கி, மேல கறுப்பு ஸ்பிறே அடிச்சால் சரியெண்டு. அப்பிடிச் செய்யலாமோ? எதில தொடங்கிறது? (உயர்தர மாணவன், கோண்டாவில்)

பதில்: தம்பி, லைற்றரைத் தூக்கி அங்கால வையுங்கோ. இரும்பு உருக 1500 பாகை செல்சியஸ் மட்டில வேணும், டாங்கிக்குள்ள பிடிக்கிற நெருப்பு அந்தத் தடிச்ச கவசத்தை உருக்காது. இரும்பு வளையும், கிழியும், வெல்டிங் விட்டுப் பிரியும். பிளாஸ்ரிக் உருகினால் ஓரம் உருண்டு வழுவழுப்பா வரும், அதைப் பார்த்த உடன இது பிளாஸ்ரிக் எண்டு தெரிஞ்சிடும், நீங்கள் பிறகு எவ்வளவு நல்லாப் பெயின்ற் அடிச்சாலும் அந்த உருண்ட ஓரம் காட்டிக்குடுத்துக்கொண்டே இருக்கும். உருகினதைக் காட்ட ஆசையெண்டால் எஞ்சின் இருக்கிற இடத்தில காட்டுங்கோ, டி-55 இன்ர வி12 டீசல் எஞ்சின்ர உடம்பு அலுமினியம், அது 660 பாகையில உருகும், பின்பக்க மூடியைத் திறந்து வைச்சு உள்ளுக்குள்ள வெள்ளி நிறத்தில வழிஞ்சு உறைஞ்ச கட்டி ஒண்டு ரெண்டு வைச்சால் விசயம் தெரிஞ்ச ஆள் குனிஞ்சு பார்ப்பார்.

இனித் தொடங்கிற விசயம். கிற் பெட்டியைத் திறக்க முதல் ஒரு கொப்பியில மூண்டு விசயத்தை எழுதுங்கோ: என்னத்தால அடிபட்டது, எரிஞ்சதோ இல்லையோ, அடிபட்டு எவ்வளவு காலம். நான் பார்த்த மொடலுகளில சரிவராமல் போனது கனக்க இந்த மூண்டையும் முடிவெடுக்காமல் தொடங்கினதாலதான். ஒரு பக்கத்தில கண்ணிவெடியில சிக்கின சில்லு, இன்னொரு பக்கத்தில டரட்டில (குழல் இருக்கிற, சுழலுற மேல்பகுதி) பெரிய ஓட்டை, மேல புதுக் கரி, கீழ இருபது வருசக் கறள், எல்லாத்தையும் ஒண்டிலயே போட்டால் அது ஒரு டாங்கிக்கும் நடந்த கதை இல்லை.

டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியில ஏறினதெண்டால் அடி கீழ இருந்துதான் வரும். சில்லுகளைச் சுத்தி ஓடுற இரும்புச் செயின் அறும், ஒண்டு ரெண்டு சில்லு கழண்டு எறிபடும் இல்லாட்டிக் கோணிக்கொண்டு நிக்கும், அதுக்கு நேர மேல இருக்கிற மட்காட் தகடு மேல் நோக்கிச் சுருளும், ஆனால் டரட்டும் அதின்ர பெயின்றும் ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கலாம். முதல் முறை செய்யிற ஆக்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவன், வேலை ஒரு மூலையில மட்டும், அந்த மூலையை வடிவாச் செய்யலாம்.

ஆர்.பி.ஜி (தோளில வைச்சு அடிக்கிற ரொக்கெற்) மாதிரி ஆயுதம் பட்டதெண்டால் வெளியில தெரியிற ஓட்டை நீங்கள் நினைக்கிறதை விடச் சின்னன். அதின்ர தலைக்குள்ள இருக்கிற உலோகக் கூம்பு வெடிக்கேக்க மெல்லிய தாரையா மாறித்தான் கவசத்தைத் துளைக்குது, அதால ஓட்டை சில சென்ரிமீற்றர்தான் வரும். 3 சென்ரிமீற்றர் எண்டு வைச்சாலும் 1/35 இல அது 0.9 மில்லிமீற்றருக்கும் குறைவு. நம்மட பெடியள் சூடாக்கின ஆணியால 1 சென்ரிமீற்றருக்கு ஓட்டை போடுறாங்கள், உண்மையான டாங்கியில அது 35 சென்ரிமீற்றர் ஓட்டை, ஒரு ஆளின்ர தலை போகும். சின்ன ட்றில் பிற்றைக் கையால உருட்டி ஓட்டை போடுங்கோ, ஓட்டையைச் சுத்திப் பெயின்ற் சிதறிப் போன மாதிரி ஒழுங்கில்லாத நட்சத்திர வடிவத்தில வெறும் இரும்பைக் காட்டுங்கோ. இன்னொரு டாங்கியின்ர 100 மில்லிமீற்றர்க் குண்டு பட்டதெண்டால் ஓட்டை 3 மில்லிமீற்றர் மட்டில, விளிம்பு வெளிப்பக்கம் கொஞ்சம் தடிச்சு எழும்பியிருக்கும், அதுக்கு எபொக்சிப் பட்டியை (குழைச்சு அப்பிற பசை) வளையமா வைச்சுக் குண்டூசியால கிளறிவிடுங்கோ.

உள்ளுக்குள்ள குண்டுகள் வெடிச்சதெண்டால் கதை வேற. டி-55 இல 43 பீரங்கிக் குண்டு ஏத்தலாம், அதில 18 முன்பக்கம் சாரதிக்கு வலப்பக்கத்தில எரிபொருள் தாங்கியோட சேர்ந்த தட்டில இருக்கு. அது பத்தினால் டரட் நிக்காது. டரட் தன்ர பாரத்தில பெரிய பெயாரிங் வளையத்துக்கு மேல இருக்கிற சாமான், உள்ளுக்க அழுத்தம் ஏறினால் தூக்கி எறியும், தலைகீழா விழும், பக்கத்தில சரிஞ்சு கிடக்கும். அப்பிடிச் செய்யிறதெண்டால் டரட்டின்ர அடிப்பக்கமும் உடம்பின்ர உள்பக்கமும் தெரியும் எண்டதை மறக்கக்கூடாது, மினிஆர்ட் கொம்பனியின்ர உள்வேலை இருக்கிற கிற் இல்லாட்டி உள்ளுக்குள்ள வெறும் பிளாஸ்ரிக் பெட்டிதான் இருக்கும், அதை நீங்கள்தான் சின்னச் சின்னக் கம்பியும் தகடும் வைச்சு நிரப்போணும்.

தகட்டின்ர தடிப்பைக் கவனியுங்கோ. முன் சரிவுக் கவசம் 100 மில்லிமீற்றர், பக்கம் 80, அதை 35 ஆல பிரிச்சால் 2.9 உம் 2.3 உம். கிற்றில இருக்கிற பிளாஸ்ரிக் அதை விட மெல்லிசு, அதால எங்க உடைஞ்ச விளிம்பு தெரியுதோ அங்க உள்பக்கத்தில இன்னொரு பிளாஸ்ரிக் சீற் ஒட்டித் தடிப்பாக்குங்கோ. மட்காட்டுக்கு நேர் எதிர், அது சில மில்லிமீற்றர்த் தகடு, கிற் பிளாஸ்ரிக் அதுக்கு அளவுக்கு மிஞ்சின தடிப்பு. மட்காட்டை வெட்டி எடுத்துப்போட்டு சோடா ரின்னை வெட்டிச் செய்யுங்கோ. ரின்ன்ர பக்கச்சுவர் 0.1 மில்லிமீற்றர் மட்டில, 1/35 இல அது 3.5 மில்லிமீற்றர்த் தகடு, அளவு அப்பிடியே வந்து விழுது. ரெண்டு பக்கமும் சாண்ட் பேப்பரால எழுத்தைத் தேய்ச்சு எடுத்து, விளிம்பைச் சப்பட்டைக் குறட்டால பிடிச்சு ஒருக்கா மேல, ஒருக்கா கீழ வளைச்சு, பிறகு பெருவிரல் நகத்தால அமத்தி அமத்தி நெளிச்சுப் பாருங்கோ, பிளாஸ்ரிக்கில எந்த ஜென்மத்திலயும் வராத மடிப்பு அதில வரும். வெட்டின விளிம்பு சவர அலகுக் கூர், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கோ.

மூடிகளையும் யோசியுங்கோ. அதுக்குள்ள நாலு பேர் இருந்தவை. மூடி எல்லாம் திறந்து கிடந்தால் இறங்கி ஓடிட்டினம் எண்டு பார்க்கிற ஆள் விளங்கிக்கொள்ளும், பூட்டிக் கிடந்தால் வேற மாதிரி விளங்கும். அதை யோசிச்சு முடிவெடுத்துப்போட்டு ஒட்டுங்கோ, ஏதோ கையில வந்த மாதிரி ஒட்டக்கூடாது.

கேள்வி: நான் ஒரு எரிஞ்ச டாங்கி செய்து முழுக்க மண்ணிறம் அடிச்சு மேல கறுப்புப் பூசினன். பார்க்க அழுக்கா இருக்கே தவிர எரிஞ்ச மாதிரி இல்லை. என்ன குறை? கடையில விக்கிற கறள் பவுடர் எல்லாம் கொழும்பில இருந்து எடுப்பிக்கிறதெண்டால் காசு கட்டாது. (நெல்லியடி வாசகர்)

பதில்: குறை நிறத்தில மட்டும் இல்லை, டாங்கி நிக்கிற உயரத்திலயும் இருக்கெண்டு நீங்கள் அனுப்பின படத்தைப் பார்க்கத் தெரியுது. டி-55 இன்ர ஒவ்வொரு சில்லுக்கும் உடம்பின்ர அடியில குறுக்க ஓடுற ஒரு முறுக்குக் கம்பிதான் சுருள்வில்லின்ர வேலையைச் செய்யுது. நெருப்பு பிடிச்சால் அந்தக் கம்பியின்ர பதம் போயிடும், பிறகு 36 தொன்னைத் தாங்க அதால ஏலாது, டாங்கி கீழ இறங்கி இருந்திடும். எரிஞ்ச டாங்கியின்ர படங்களைப் பாருங்கோ, வயிறு நிலத்துக்குக் கிட்ட, கனவேளை ஒரு பக்கம் கூடச் சரிஞ்சு கிடக்கும். நீங்கள் கிற்றில சொன்ன மாதிரியே சில்லுகளை ஒட்டி, புது டாங்கி மாதிரி நிமிந்து நிக்குது, அதுக்கு மேல கறள் அடிச்சால் கண் நம்பாது. சில்லுக் கையை வெட்டி மேல் நோக்கித் திருப்பி ஒட்டுங்கோ.

சில்லில ஓடுற இறப்பரும் போயிருக்கும். வெறும் இரும்பு வளையந்தான் மிஞ்சும், அதால சில்லைச் சுத்தி வர ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு அராவிக் குறையுங்கோ, குறைச்ச உடன செயினுக்கும் சில்லுக்கும் இடையில ஒரு வெளி வரும், அந்த வெளிதான் எரிஞ்ச டாங்கியின்ர அடையாளம். எரிஞ்ச இறப்பர் வெள்ளைச் சாம்பலா அடியில கொட்டுண்டு கிடக்கும். அதுக்கு அடுப்புச் சாம்பலைப் பழைய வேட்டித் துணியில அரிச்சு எடுத்தால் காணும், அதை விட நல்ல சாமான் எந்தக் கடையிலயும் இல்லை.

இனி நிறம். நெருப்பு எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி எரியிறேல்லை. மிச்சம் சூடான இடத்தில பெயின்ற் முழுக்கப் போய் வெளிறின சாம்பல் நிறம் வரும், அதைச் சுத்தி வெறும் இரும்பு, அதுக்கு வெளியில கருகிப் பொக்களிச்ச பெயின்ற், அதுக்கும் அங்கால ஒண்டும் நடக்காத பச்சை. கரி எல்லா இடத்திலயும் இருக்காது, மூடி வாய், எஞ்சின் கிறில், ஓட்டை, இப்பிடி நெருப்பும் புகையும் வெளியில வந்த வாசலுக்கு மேலதான் கரி, காத்து அடிச்ச பக்கத்துக்குச் சரிஞ்சு போகும். நீங்கள் கறுப்பை எல்லா இடமும் சமனாப் பூசினபடியால்தான் அழுக்காத் தெரியுது. ஒரு பக்கத்தில காத்து அடிச்சதெண்டு முடிவெடுங்கோ, எல்லாக் கரியும் அந்தப் பக்கந்தான் போகோணும்.

பெயின்ற் போன வெறும் இரும்பு கெதியாக் கறள் பிடிக்கும், ஈரம் பட்டால் சில நாளிலயே பளிச்செண்டு செம்மஞ்சள் வந்திடும். வருசம் போகப் போகத்தான் கடும் மண்ணிறமாகும். எங்கட கடலேரிப் பக்கத்துக் காத்தில உப்பு இருக்கு, உப்பு பட்டால் கறள் இன்னும் வேகமா ஏறும், அதால ஆனையிறவுப் பக்கத்தில நிக்கிற டாங்கியும் உள்ளுக்கு ஒரு காய்ஞ்ச ஊரில நிக்கிற டாங்கியும் ஒரே வயசிலயும் ஒரே நிறத்தில இருக்காது. மெல்லிய தகடு தட்டுத் தட்டா உரிஞ்சு ஓட்டை விழும், தடிச்ச கவசம் அப்பிடி விழாது. டரட் வார்த்து எடுத்தது, உடம்பு தகடு வெல்ட் பண்ணினது, டரட்டில கரடுமுரடு கூட, அங்க பழைய பல்லுத்தூரிகையால தண்ணிப் பதத்தில பட்டியைக் குத்திக் குத்தி எடுங்கோ.

கறள் பவுடருக்குக் கொழும்பு வேண்டாம். ஹாட்வெயார் கடையில மரத்துக்குத் தேய்க்கிற மெல்லிய ஸ்ரீல் வூல் கேளுங்கோ, பாத்திரம் விளக்கிற பளபளப்பான சுருள் வேண்டாம், அது அனேகமா ஸ்ரெயின்லெஸ், கறள் பிடிக்காது. அதில இருக்கிற எண்ணெய் போகச் சவர்க்காரத்தில கழுவி, உப்புத் தண்ணியில நனைச்சு, ஒரு பழைய தட்டில வைச்சு வெளியில விடுங்கோ, இடைக்கிடை தெளியுங்கோ. அது தானே நொருங்கிற பதத்துக்கு வரும், கையால கசக்கித் துணியில அரிச்சால் கிடைக்கிறது உண்மையான கறள், அதுக்கு நிறம் பிழைக்காது. வினாகிரியில ஊறப்போட்டுச் செய்யிற முறையும் இருக்கு, அப்பிடிச் செய்தால் போத்தல் மூடியை இறுக்கிப் பூட்டவேண்டாம், உள்ளுக்குள்ள ஐதரசன் வாயு வரும். கரிக்குச் சிரட்டைக்கரி, செம்மஞ்சளுக்குக் காவித்தூள், ரெண்டையும் மா மாதிரி அரைச்சு மெத்தென்ற பிறஷ்ஷால தொட்டுத் தொட்டு வையுங்கோ, இழுக்கக்கூடாது. எல்லாம் முடிய தூரத்தில நிண்டு மற் (மினுக்கமில்லாத) வார்னிஷ் மெல்லிசா ஒருக்கா.

பச்சை உரிஞ்ச இடம் எப்பிடி வரும் எண்டு நீங்கள் கேட்க முதல் சொல்லிவிடுறன். முதல் கறள் நிறம் முழுக்க அடிச்சுக் காயவிடுங்கோ. அதுக்கு மேல தண்ணியைத் தடவி உடைச்ச கல்லுப்பை ஒழுங்கில்லாமல் தூவிக் காயவிட்டு, மேல பச்சை அக்ரிலிக் அடிச்சு, அது காய்ஞ்ச பிறகு உப்பைத் தேய்ச்சுக் கொட்டினால் அடியில இருக்கிற கறள் திட்டுத் திட்டாத் தெரியும். உப்புக்குப் பதிலா ஹெயார் ஸ்பிறே அடிச்சு, பச்சை காய்ஞ்ச கையோட ஈரப் பிறஷ்ஷால உரசியும் எடுக்கலாம், அதில சுரண்டல் மாதிரி மெல்லிய கோடும் வரும். உப்புப் பெரிய திட்டுக்கு, ஸ்பிறே சின்னச் சுரண்டலுக்கு.

கேள்வி: கிற் வாங்க வசதி இல்லை. காட்போட்டில செய்தால் மரியாதையா வருமோ? (பாடசாலை மாணவி, பருத்தித்துறை)

பதில்: வரும் தங்கச்சி, உடைஞ்ச டாங்கிக்குக் காட்போட் சில இடத்தில கிற்றை விட நல்லம். டி-55 இன்ர அளவு இதுதான்: குழலோட நீளம் 9 மீற்றர், அகலம் 3.27, உயரம் 2.4. 1/35 இல 25.7 சென்ரிமீற்றர், 9.3, 6.9. சில்லு 81 சென்ரிமீற்றர் விட்டம், 2.3 சென்ரிமீற்றர் வரும், கோட்டுக்குத் தைக்கிற பெரிய பொத்தான் அந்த அளவில கிடைக்கும், சோடாப் போத்தல் மூடி வேண்டாம், அது பெரிசு, முழு டாங்கியும் விளையாட்டுச் சாமானாப் போயிடும். பக்கத்துக்கு அஞ்சு சில்லு, முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் இடையில மட்டும் கூடின இடைவெளி விடுங்கோ, டி-55 ஐ அறிஞ்ச ஆக்கள் முதல் பார்க்கிறது அந்த இடைவெளியைத்தான். செயின் அகலம் 1.7 சென்ரிமீற்றர், நெளிகாட்போட்டின்ர மேல்தாளை நனைச்சு உரிச்சால் உள்ளுக்கு வரிவரியா வரும், அதை வெட்டுங்கோ. டரட்டுக்கு ரெஜிபோமைச் செதுக்கி மேல கடதாசியும் பைண்டர் கம்மும். ஆனால் ரெஜிபோமில ஸ்பிறே பெயின்ற் நேர அடிச்சால் அரிச்சுப்போடும், முதல் கம் பூசி மூடுங்கோ.

கேள்வி: அடித்தளம் செய்யிறதுக்குச் செம்மண் எடுத்துப் போட்டன், பின்னால ரெண்டு பனையும் வைச்சன். நண்பர் சொல்லுறார் இடம் பிழைக்குது எண்டு. மண்ணில என்ன இருக்கு? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: உங்கட நண்பர் சொல்லுறது சரி, மண்ணில எல்லாம் இருக்கு. செம்பாட்டு மண் வலிகாமத்து மண், சுண்ணாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துத் தோட்ட மண். நீங்கள் ஆனையிறவு எண்டு பலகையில எழுதிப்போட்டுச் செம்பாட்டைக் கொட்டினால் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் உறுத்தும், ஏனெண்டால் கண்டி வீதியால ஒருக்காப் போனவைக்கும் தெரியும் அங்க ரெண்டு பக்கமும் கடலேரி, உப்பளம், வெளிறின சாம்பல் மண், காய்ஞ்ச இடத்தில உப்புப் படை, நிலம் தட்டை, கண்ணுக்கு எட்டின மட்டும் மறைப்பில்லை. பளை, முகமாலைப் பக்கம் எண்டால் மணல், தென்னை, பனை, வடலி.

மணலை அப்பிடியே கொட்டவும் வேண்டாம். அரை மில்லிமீற்றர் மணல் மணி 1/35 இல கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர்ச் சல்லி. துணியில அரிச்ச புழுதியைத்தான் மண்ணாப் பாவிக்கோணும், அரிக்காத மணல் கல்லுக்கும் சல்லிக்கும். பொதுவா பிளாஸ்டர் ஒவ் பாரிஸோட பைண்டர் கம்மும் அந்த மண்ணும் சேர்த்துக் குழைச்சு ரெஜிபோமில பூசி, காய முதல் செயினை அமத்தித் தடம் எடுங்கோ. டாங்கியையும் அந்த ஈரத்திலயே கொஞ்சம் புதையவிடுங்கோ, 36 தொன் சாமான் நிலத்துக்கு மேல மிதக்காது. கனகாலம் நிண்ட டாங்கியெண்டால் மழைத்தண்ணி அடிச்ச பக்கம் மண் ஏறியிருக்கும், அடியில உமரியும் புல்லும் முளைச்சிருக்கும், கறள் கரைஞ்சு நிலத்தில செம்மஞ்சள் படிஞ்சிருக்கும். அந்தப் படிவைக் கனபேர் மறக்கிறவை.

பனை. 15 மீற்றர்ப் பனை 1/35 இல 43 சென்ரிமீற்றர். உங்கட பனை படத்தில டாங்கிக் குழலின்ர நீளமும் இல்லை, அதுதான் முழுக் காட்சியையும் சின்னனாக்குது. ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, ஷெல்லில தலை போன பனை, தலையில்லாமல் நிண்ட பனையள் எங்கட கண்ணில இன்னும் நிக்குது, அதையும் முழு உயரத்துக்கு வைக்கிறதெண்டால் வையுங்கோ, இல்லாட்டி நடுவில முறிஞ்சு நார் நாராக் கிழிஞ்ச அடிக்குற்றி. பனை முறிஞ்சால் கறுத்த நார் நாராத்தான் பிரியும், தச்சுமரம் மாதிரிச் சிலாம்பா உடையாது, தும்புக் கட்டையும் பைண்டர் கம்மும் இதுக்கு நல்லாப் பொருந்தும். மற்ற வழி, பனையை விட்டுப்போட்டு வடலி, வடலிக்கு ஓலையைக் கடதாசியில விசிறியா மடிச்சு வெட்டலாம். பங்கர் வைக்கிறதெண்டால் பனங்குற்றி 1 சென்ரிமீற்றர்த் தடிப்பில அடுக்குங்கோ, வேலிக் கதியாலுக்குத் தென்னை ஈர்க்கு, ஈர்க்கின்ர அடி 2 மில்லிமீற்றர், அது 7 சென்ரிமீற்றர்க் கதியால், அளவு சரி.

கேள்வி: முகமாலைப் பக்கம் இன்னும் பழைய இரும்பு, கோதுகள் கிடக்குதாம். அடித்தளத்தில வைக்க உண்மையான துண்டு எடுத்தால் நல்லா இருக்குமெல்லோ? (பரந்தன் வாசகர்)

பதில்: எடுக்கவே கூடாது. முகமாலை இந்தத் தீவிலயே மிகப் பெரிய கண்ணிவெடிப் பரப்புகளில ஒண்டு, ஹலோ ட்ரஸ்ட் மாதிரி நிறுவனங்கள் வருசக்கணக்கா முழங்காலில நிண்டு மண்ணை அங்குலம் அங்குலமா சுரண்டி எடுத்த இடம், எங்கட பெண்பிள்ளையள் கனபேர் அந்த வேலை செய்தவை. இலங்கை கண்ணிவெடித் தடைச் சாசனத்தில 2017 டிசம்பரில சேர்ந்தது, துப்புரவு அதுக்குப் பிறகும் ஓடினது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கிற இடத்துக்கு உள்ளுக்குக் கால் வைக்கக்கூடாது, பலகை இல்லாத இடத்திலயும் தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, கண்டால் வந்த வழியாலயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கோ கிராமசேவகருக்கோ சொல்லுங்கோ. அதோட ஒரு மொடலுக்கு அந்தத் துண்டு உதவவும் மாட்டுது, உண்மையான கறள்த் துண்டு 1/35 இல மலை மாதிரித்தான் தெரியும். பார்க்க வேணுமெண்டால் ஆனையிறவில வீதிக்கரையில வைச்சிருக்கிற அந்தப் புல்டோசரைப் போய்ப் பாருங்கோ, 1991 ஜூலைச் சண்டையில புலிகள் இரும்புத் தகடு பொருத்திக் கொண்டுவந்தது, இப்ப இராணுவத்தின்ர நினைவுச்சின்னமா நிக்குது. அதை ஆரார் எப்பிடிப் பார்க்கினம் எண்டது அவரவர் மனசு. தகடு எங்க பொருத்தியிருக்கு, வெல்டிங் எப்பிடி ஓடியிருக்கு எண்டு கிட்ட நிண்டு பார்க்கக்கூடிய சாமான் எங்கட பக்கத்தில இருக்கு எண்டதுக்காகச் சொல்லுறன்.

கேள்வி: என்ர மகன் பதினாறு வயசு. இரவிரவா இருந்து எரிஞ்ச டாங்கி செய்யிறான். நாங்கள் அதுகளைக் கண்டு ஓடி இடம்பெயர்ந்து வந்த ஆக்கள். மேசையில அதைக் காணேக்க எனக்கு நெஞ்சு இடிக்குது. நிப்பாட்டச் சொல்லட்டோ? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: அக்கா, உங்கட கடிதத்தை நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். நிப்பாட்டச் சொல்லாதேங்கோ, ஆனால் உங்களுக்கு நெஞ்சு இடிக்குதெண்டதை அவனுக்குச் சொல்லுங்கோ, இந்தக் கடிதத்தில எழுதின மாதிரியே சொல்லுங்கோ. அவன்ர வயசுப் பிள்ளையள் இதை வீடியோவிலயும் கேமிலயும்தான் கண்டவை, அதில டாங்கி வெடிச்சால் புள்ளி கூடும். மேசையில ஒரு டாங்கியை எரிஞ்சபடி செய்யிறதுக்கு அவன் எங்க அடிபட்டது, ஆர் இருந்தவை, எப்பிடி வெளியில வந்திருப்பினம் எண்டு யோசிச்சுத்தான் ஆகோணும், அந்த யோசனை கேமில வராது. நீங்கள் கண்டதில சொல்லக்கூடியதைச் சொன்னால் அவன்ர கை வேற மாதிரி வேலை செய்யும். ஹோலில வைக்கவேண்டாம், என்ர கண்ணில படாத இடத்தில வை எண்டு கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு, மே மாதத்தில மூடி வை எண்டும் கேட்கலாம். தம்பிக்கும் ஒண்டு: செத்த ஆக்களின்ர உருவம் வைக்காதேங்கோ. காணாமல் போனவையைத் தேடிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் எங்கட ஒழுங்கையிலயே இருக்கு. ஒரு சப்பாத்து, ஒரு தண்ணிப்போத்தல் போதும்.

அதோட அவன் தின்னரும் சுப்பர் குளூவும் பாவிக்கிறான் எண்டால் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கோ, பூட்டின அறையில இரவிரவா அதை மணக்கிறது நல்லதில்லை.

கேள்வி: 1/72 வாங்கவோ 1/35 வாங்கவோ? (மானிப்பாய்)

பதில்: அடிபட்ட டாங்கிக்கு 1/35. 1/72 இல டி-55 ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கும், மட்காட்டைத் தாள் தடிப்புக்குச் செய்ய ஏலாது, ஓட்டை குண்டூசி முனை. இடம் இல்லாதவை, கன டாங்கியை ஒரே காட்சியில வைக்க ஆசைப்படுறவை 1/72 எடுக்கலாம்.

கேள்வி: இலங்கையில நிண்ட டி-55 ஐயே செய்ய விருப்பம். கிற்றில வாறதை அப்பிடியே செய்தால் சரிதானே? நம்பர், அடையாளம் என்ன போடுறது? (கொக்குவில்)

பதில்: கிற் பெட்டியில என்ன வகை எண்டு பாருங்கோ. இலங்கை இராணுவம் செக் குடியரசில இருந்து எடுத்ததில டி-55ஏஎம்2 வகையும் இருக்கு, அதுக்கு டரட்டின்ர முன்பக்கம் குழலுக்கு ரெண்டு பக்கமும் மேலதிகக் கவசக் கட்டி வளைஞ்சு இருக்கும், பக்கத்தில சில்லை மறைக்க இறப்பர்ச் சீலையும் தொங்கும். தமியா கொம்பனியின்ர டி-55ஏ கிற்றில அது ரெண்டும் இல்லை, தகொம் கொம்பனி ஏஎம் வகைகளை விட்டிருக்கு, பேந்து வாங்கிறவை அதைப் பார்த்து எடுங்கோ. எரிஞ்சதெண்டால் அந்தப் பக்கச் சீலையும் எரிஞ்சு கொளுவி மட்டும் மிஞ்சும், அப்ப உங்களுக்கு வேலை கொஞ்சம் குறையுது. நம்பர் அடையாளத்துக்கு ஒரு குறிப்பிட்ட டாங்கியின்ர படம் உங்கட கையில இருந்தால் அதில இருக்கிறதைப் போடுங்கோ, இல்லாட்டிக் கற்பனையில போடாமல் எரிஞ்ச பக்கமா விட்டிடுங்கோ. யுத்தம் முடிஞ்ச பிறகு வன்னியில பழைய இரும்புக்காரர் காஸ் கட்டரால வெட்டி எடுத்தது கனக்க, அதைச் செய்யப்போறவை தகட்டை நேர்கோட்டில வெட்டி, விளிம்பில சவர அலகால குறுக்குக் குறுக்கா நெருக்கமாக் கீறிவிட்டால் கட்டர் போன தடம் அப்பிடியே வரும்.

கேள்வி: செய்து முடிச்ச மொடலில ஒரு மாதத்தில தூசி ஏறிட்டுது. துடைச்சால் பவுடரும் போகுது. (அரியாலை)

பதில்: துடைக்காதேங்கோ, மெத்தென்ற மேக்கப் பிறஷ்ஷால தட்டுங்கோ, இல்லாட்டிச் சின்ன ஊது பம்பு. மீன்தொட்டி செய்யிற கடையில மூடி இல்லாத கண்ணாடிப் பெட்டி ஒண்டு அளவுக்குச் சொல்லிச் செய்விச்சுக் கவிழ்த்து வையுங்கோ, சோளகக் காத்துக்கு எங்கட வீடுகளில வேற வழி இல்லை. ஜன்னல் வெயில் படுற இடம் வேண்டாம், காட்போட்டில செய்தவை பெட்டிக்குள்ள ஒரு சிலிக்கா ஜெல் பக்கற்றும் போட்டுவிடுங்கோ, மாரிக்கு ஈரம் இழுத்துச் செயின் கழண்டு போகும்.